டவர் அலையிலேயே சென்சார் ஓடுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள். ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது, இரண்டாம் கட்டில் மழை ஒழுகினால் போனுக்குச் செய்தி வர ஒரு சென்சார் வைக்க வேண்டும், பேட்டரி மாற்ற ஆள் இல்லை, டவர் அலையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் என்று விற்கிறார்களே, வாங்கலாமா என்று.

வேண்டாம் ஆச்சி. அலையிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் டவர் பக்கத்திலேயே இல்லாத வீட்டுக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவாட்கூடத் தேறாது, அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சூட்டிலிருந்து எடுக்க ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும், நம் சுவர்க் கனத்துக்கு உள்ளே எல்லாம் ஒரே பதம்தான். அதிர்விலிருந்தும் எடுக்கலாம், ஆனால் பூட்டிய வீட்டில் அதிர்வு ஏது?

முற்றம் இருக்கிறதே, அது போதும். கால்குலேட்டரில் பார்த்திருப்பீர்களே, கருஞ்சிவப்பாக ஒரு பட்டை, அந்த வகை சோலார் செல் தீப்பெட்டி அளவில் இருந்தால் 200 லக்ஸ் மங்கல் வெளிச்சத்திலேயே 70 மைக்ரோவாட் பக்கம் தரும். அதைச் சாரல் படாத உயரத்தில் வளவுத் தூணில் வைத்து, அங்கிருந்து ஒழுகுகிற இடத்துக்கு வயர் இழுத்துவிடுங்கள்.

இனி செலவு, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வைஃபை சென்சார் ஒவ்வொரு முறையும் விழித்து, இணைந்து, செய்தி அனுப்ப ஏறக்குறைய ஒரு ஜூல், அதாவது ஒரு வாட் ஒரு நொடி ஓடும் அளவு, தின்கிறது, மணிக்கு ஒரு முறை என்றாலே சராசரி 280 மைக்ரோவாட், கட்டுப்படியாகாது. லோரா என்று, கொஞ்சம் கரண்டிலேயே தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ வகை ஒன்று இருக்கிறது, அந்த சென்சாருக்கு அதே வேலைக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும், தூங்கும்போது குடிப்பதையும் சேர்த்து சராசரி 10 மைக்ரோவாட் என்று வையுங்கள். ராத்திரி முழுக்க அரை ஜூல்தான் ஆகும். பேட்டரிக்குப் பதில் கரண்டைத் தேக்கி வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று, ஒரு ஃபாரட் அளவில் போட்டால், 5 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் இறங்குவதற்குள் 8 ஜூல் கொடுக்கும், அதன் கசிவைக் கழித்தாலும் ஐப்பசி அடைமழை இருட்டில் மூன்று நாலு நாள் தாங்கும். நம் வெயிலில் பேட்டரி உப்பிப்போகும் தொல்லையும் இல்லை.

அப்புறம், லோராவின் செய்தியை வாங்கி இன்டர்நெட்டில் போட ஒரு பெட்டி வேண்டும், அதற்கு வீட்டுக் கரண்ட்தான், பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பெருக்க வருகிறவரிடம் செல் மேல் தூசி துடைக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது, சென்சார் தூங்கும்போது எத்தனை மைக்ரோஆம்பியர் எடுக்கும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று என்றால் சரி, நூறு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.