லிஃபி ஆற்றில் ஒரு துண்டுத்தாள்

நேயர்களுக்கு வணக்கம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவல் 1904 ஜூன் 16 அன்று டப்ளினில் நடக்கிறது. பலர் அதைப் பாதியில் மூடிவிடுகிறார்கள். துறைமுகத்தின் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதை, பிடித்துக்கொண்டு படித்தால், நடுப்பகுதியில் எது எப்போது நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

கடலில் மூழ்கிப்போன ஒருவரின் உடல் ஒரு மணி வாக்கில், ஓதம் ஏறும்போது ஒதுங்கும் என்று காலையில் சாண்டிகோவ் கடற்கரையில் ஒரு படகுக்காரர் சொல்கிறார். அந்த ஒரு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். முற்பகலில் சாண்டிமவுண்ட் கடற்கரை மணலில் நிற்கும் ஸ்டீஃபன், நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன், பெயர் சொல்லப்படாத ஒரு மூன்று பாய்மரக் கப்பல் டப்ளினின் லிஃபி ஆற்றுக்குள் போவதைப் பார்க்கிறான். ஓதம் ஏறுகிற நேரம், கப்பல் உள்ளே வரத் தோதான நேரம்.

பிறகு நாவலின் நாயகன் ப்ளூம், லிஃபியின் மேலுள்ள ஓ'கானல் பாலத்திலிருந்து ஒரு மதப்பிரசாரத் துண்டுத்தாளைக் கசக்கி எறிகிறான். கடற்பறவைகள் அதைச் சீண்டவில்லை. உடனே ஒரு பென்னிக்கு இரண்டு கேக் வாங்கிப் பிய்த்துப் போடுகிறான்.

இங்கேதான் பலர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பேலஸ்ட் ஆபீஸ் என்ற துறைமுக அலுவலகக் கூரையில், ஒரு மணியை அறிவிக்க இறங்கும் நேரப்பந்து இறங்கிவிட்டதைப் பார்த்து, மணி ஒன்று தாண்டிவிட்டது என்று ப்ளூம் நினைக்கிறான். பந்து இறங்குவது கிரீன்விச் நேரப்படி. அன்றைய டப்ளின் நேரம் அதற்குச் சுமார் 25 நிமிடம் பிந்தியது. 1916 வரை அப்படித்தான். ஆக, பந்து இறங்கும்போது டப்ளினில் 12:35தான். சற்றுப் பின்னால் ப்ளூமே இதை நினைத்துத் திருத்திக்கொள்கிறான். வேகமாகப் படித்தால் அந்த வரி நழுவிவிடும்.

மூன்று மணியை ஒட்டிய அத்தியாயத்தில் அதே தாள் லூப்லைன் ரயில்பாலத்துக்கு அடியில் மிதக்கிறது. சில நூறு மீட்டர் கடக்க ஏன் இவ்வளவு நேரம்? நகருக்குள் லிஃபி ஓதத்துக்குக் கட்டுப்பட்ட ஆறு. ஓதம் ஏறி நிற்கையில் தாளும் ஏறக்குறைய நிற்கும். வற்றத் தொடங்கிய பிறகே கிழக்கே இழுபடும். இந்த அத்தியாயத்தை ஜாய்ஸ் டப்ளின் வரைபடத்தை முன்னால் வைத்து எழுதினார். அந்தக் கவனத்தின் உச்சம் இந்தத் தாளின் பயணம் என்பேன்.

இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடாதீர்கள். 1904இல் கடல்பக்கத்துக் கடைசிப் பாலங்கள் பட் பாலமும் அதையொட்டிய லூப்லைனும்தான். அவற்றைத் தாண்டினால் கப்பல்துறை. இப்போது அதற்கும் கிழக்கே பல பாலங்கள் உண்டு.

தாள் கடைசியாகக் கடப்பது, பிரிட்ஜ்வாட்டரிலிருந்து செங்கல் ஏற்றி வந்த 'ரோஸ்வீன்' என்ற மூன்று பாய்மரக் கப்பலை. அது எப்போது வந்தது? நள்ளிரவுக்குப் பின், பட் பாலத்தருகே வண்டிக்காரர்களின் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் மாலுமி சொல்கிறான்: காலை பதினொரு மணிக்கு.