ஃபின்லே படங்களில் இருக்கும் புள்ளிகள்: அச்சின் வேலையா, கையின் வேலையா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்கிறார்: “பழைய வியர்டு டேல்ஸ் இதழ்களின் ஸ்கேனைப் பார்த்தேன். விர்ஜில் ஃபின்லே வரைந்த படங்கள் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. அது அச்சில் விழுந்த புள்ளியா, அவரே வைத்ததா? அட்டை மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?”

அவரே வைத்ததுதான். ஒவ்வொன்றும் கையால் வைத்தது. ஏன் அப்படி மெனக்கெட்டார் என்பதற்குக் காரணம் காகிதத்தில் இருக்கிறது.

வியர்டு டேல்ஸ் 1923இல் சிகாகோவில் தொடங்கிய இதழ். பேய், மந்திரம், வேற்றுலகம் என்று விசித்திரக் கதைகள். உள்பக்கங்கள் மட்டமான மரக்கூழ்த் தாள். மை ஊறும், சொரசொரவென்று இருக்கும். சாம்பல் நிறச் சாயல்களோடு ஒரு படத்தை அச்சடிக்க ஹாஃப்டோன் பிளாக் என்ற அச்சுத் தகடு வேண்டும். அது படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைத்துத் தரும். இந்தத் தாளில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும். அதனால் கோடுகளை அப்படியே அச்சடிக்கும் லைன் பிளாக் தகடுதான் தோது. ஆனால் லைன் பிளாக்குக்குக் கருப்பு தெரியும், வெள்ளை தெரியும், நடுவில் எதுவும் தெரியாது.

மற்ற ஓவியர்கள் பலர் அதற்கேற்றபடி தடித்த கோடு போட்டு முடித்துக்கொண்டார்கள். ஃபின்லேவுக்கு அது போதவில்லை. தோல் மினுங்க வேண்டும், புகை கரைய வேண்டும் என்று நினைத்தார். எனவே இயந்திரம் செய்ய வேண்டிய வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மெல்லிய பேனாவை மையில் தோய்த்து, முனை தாளில் அழுந்தாமல் மைத்துளி மட்டும் படும்படி ஒரு புள்ளி வைப்பார். முனையைத் துடைத்துவிட்டு மறுபடி தோய்ப்பார். இன்னொரு புள்ளி. நெருக்கி வைத்தால் நிழல், விலக்கி வைத்தால் வெளிச்சம். இருட்டான பகுதிகளுக்கு ஸ்கிராட்ச்போர்டு: வெண்களிமண் பூசிய அட்டையில் கருமை ஏற்றி, கத்தியால் சுரண்டி வெள்ளைக் கோடுகளை எடுப்பது. கூலியோ படத்துக்கு இவ்வளவு என்று, புள்ளிக்கு இவ்வளவு என்றல்ல. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அவருடைய படங்கள் முதலில் வந்தது 1935 டிசம்பர் இதழில். அப்போது வயது 21. இவ்வளவு நுணுக்கம் இந்தத் தாளில் நிற்குமா என்று ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கே சந்தேகம் இருந்ததாம். நின்றது. அடுத்த ஆண்டு ராபர்ட் பிளாக் எழுதிய ‘முகமில்லாக் கடவுள்’ கதைக்கு ஃபின்லே போட்ட படத்தைப் பார்த்து, திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் ஒரு கவிதையே எழுதினார்.

ஸ்கேனில் இனம் காண ஒரு வழி சொல்கிறேன். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் வலை போல ஒரே சீரான வரிசையில் நின்றால் அது ஹாஃப்டோன். கன்னத்தின் வளைவோடு வளைந்து போனால் அது கை. சின்னதாக்கிப் பார்க்கும்போது அலை அலையாகத் தெரிவது உங்கள் திரையின் கோளாறு, படத்தில் அது கிடையாது. அப்புறம், நிர்வாண உருவங்களின் மேல் சரியான இடத்தில் வந்து நிற்கும் குமிழிகளும் மினுமினுப்பும் ஸ்கேன் பழுது இல்லை! அவரே திட்டமிட்டு வைத்த மறைப்பு.

அட்டை விஷயம் சுருக்கமாக. அட்டைக்கு வழவழப்பான தாள், வண்ண அச்சு. அதனால் அங்கே சாயல்கள் தாராளமாக வரும். 1930களின் நடுவில் பெரும்பாலான அட்டைகளைப் போட்டவர் மார்கரெட் பிரண்டேஜ். பாஸ்டல் சுண்ணக்கோலால் வரைந்தார். நீங்கள் பார்த்த அந்த மெத்தென்ற தோற்றம் அதனால் வந்தது. ‘எம். பிரண்டேஜ்’ என்று கையெழுத்துப் போட்டதால், வரைபவர் பெண் என்பதே வாசகர்களுக்கு வெகுநாள் தெரியாது. பாஸ்டல் தொட்டால் கலையும். அவர் சிகாகோவிலேயே இருந்தார். 1938இல் இதழ் கைமாறி நியூயார்க் போனது. அவ்வளவு தூரம் படங்களைப் பழுதில்லாமல் அனுப்புவது பெரும்பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய அட்டைகள் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.