ரெண்டு வருஷ டீச்சர்: கணக்கு எங்க இடிக்குது?

[திரையில்: 1989, பிரின்ஸ்டன்]

அமெரிக்காவோட பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல கடைசி வருஷம் படிச்சப்போ வெண்டி காப் எழுதின ஆய்வேட்டுல முளைச்சதுதான் டீச் ஃபார் அமெரிக்கா. பேரெடுத்த காலேஜ்ல படிச்சு முடிச்சவங்களை, ஏழைப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் டீச்சரா போடுறது. 1990-ல சுமார் 500 பேரோட ஆரம்பம்.

"அஞ்சு வாரப் பயிற்சி போதுமா?"ங்கறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. நியாயமான கேள்விதான். பல வருஷமா நடந்த அந்தப் பயிற்சியில, கோடை வகுப்புக்கு வர்ற கொஞ்சம் பிள்ளைங்களுக்கு தினம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் பாடம் எடுப்பாங்க. பள்ளி திறந்ததும் நாள் பூரா, முழு வகுப்பு, தனியாளா. நாலு பேர் கணக்கை முடிச்சுட்டு அரட்டை அடிக்கிறாங்க, ஆறு பேருக்குப் போன வருஷப் பின்னமே புரியல. இப்போ யாரைக் கவனிக்கிறது? அஞ்சு வாரத்துல இது கைக்கு வராது.

[திரையில்: ஒரே மேசை, மாறுற பேர்கள்]

ஆனா எங்க பார்வையில, பெரிய ஓட்டை வேற இடத்துல. ஒரு கணக்கு டீச்சர் பணியிடத்தை ரெண்டு வருஷ ஆளுங்களை வெச்சே நிரப்புறாங்கன்னு வைங்க. ஆறு வருஷத்துல மூணு பேர். மூணு பேருக்கும் ஒரு முதல் வருஷம் உண்டே! ஆக, ஆறுல மூணு வருஷம் அந்த வகுப்புல நிக்கிறது கத்துக்குட்டி. ஒரு டீச்சர் வேகமா தேறுறது முதல் சில வருஷத்துலதான். தேறின கையோட கிளம்பிடுறாங்க. ரெண்டு வருஷம் தாண்டியும் இருக்குறவங்க நிறையவே உண்டு. ஆனா முதல்ல போட்ட அதே பள்ளியில பல வருஷம் நிலைக்கிறவங்க குறைவு.

திட்டத்துக்கு ஆதரவா காட்டுறது, மேத்தமேட்டிகாங்கற ஆய்வு நிறுவனம் 2004-ல வெளியிட்ட ஆய்வு: இந்த டீச்சருங்ககிட்ட படிச்ச பிள்ளைங்களுக்குக் கணக்குல ஏறக்குறைய ஒரு மாசப் படிப்பு அளவு கூடுதல், வாசிப்புல வித்தியாசமே இல்ல. சரி, யாரோட ஒப்பிட்டாங்க? அதே பள்ளிக்கூட டீச்சர்களோட. அவங்கள்லயும் பலருக்கு முறையான பயிற்சி கிடையாது!

பண விஷயமும் இருக்கு. சம்பளம் போக, ஒவ்வொருத்தருக்கும் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்துற நிர்வாகம், டீச் ஃபார் அமெரிக்காவுக்குக் கட்டணம் கட்டும். வருஷத்துக்கு 2,000-ல இருந்து 5,000 டாலர் வரைக்கும்கூட. இன்னொரு விஷயம்: நியூ ஆர்லியன்ஸ்ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் சுமார் 7,500 பள்ளி ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. அப்புறம் அதே ஊர்லதான் இந்தத் திட்டம் பெருசா விரிஞ்சுது. ஆள் பஞ்சத்துக்குன்னு வந்த திட்டம், அனுபவசாலிங்க போன இடத்துல உக்காந்தா கோபம் வராதா?

[திரையில்: பாஸ்டன், 2003]

இளைஞர்களே வேணாம்னு யாரும் சொல்லல. பாஸ்டன் டீச்சர் ரெசிடென்சிங்கற இன்னொரு டீச்சர் பயிற்சித் திட்டத்துல ஒரு பள்ளி வருஷம் முழுக்க அனுபவமுள்ள டீச்சரோட வகுப்புலயே பழகணும். அப்புறம்தான் தனி வகுப்பு. அதுக்கு மேல அந்த ஊர்ப் பள்ளிகள்லயே மூணு வருஷம் வேலை பாக்கணும். பழகுற வருஷத்துக்கு உதவித்தொகை, வழிகாட்டுற டீச்சருக்குத் தனிப் பணம்னு செலவு நிறைய. பல மாவட்டங்கள் தயங்குறது அங்கதான்.