தாய்லாந்தில் தோற்றதும் தாய்லாந்தில் ஜெயித்ததும்

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐம்பது வருடக் கதை இது, பத்து நிமிடத்தில் எங்கே தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். கடைசியில் இரண்டு ஆட்டங்களைப் பிடித்துக்கொண்டேன். இரண்டுமே இந்தியாவும் தாய்லாந்தும் மோதியவை, இரண்டுமே தாய்லாந்து மண்ணில் நடந்தவை.

முதல் ஆட்டம் 1983-இல், பாங்காக்கில். பெண்களுக்கான ஆசியக் கோப்பையின் இறுதிப் போட்டி. இந்தியா 3-0 என்று தோற்றது. இரண்டாவது 2025 ஜூலை 5, சியாங் மாய் நகரத்தில். இந்தியா 2-1 என்று ஜெயித்தது. ஆனால் அது இறுதிப் போட்டி இல்லை. ஆசியக் கோப்பையில் ஆட இடம் கிடைக்குமா என்று பார்க்கிற தகுதிச் சுற்று. ஒரு காலத்தில் அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை போன அணி, 42 வருடம் கழித்து அந்த வாசலுக்குள் நுழைந்ததற்காகச் சந்தோஷப்பட்டது. நானும்தான் சந்தோஷப்பட்டேன், அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. நடுவில் என்ன ஆனது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

1975-இல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கு என்று தனிச் சம்மேளனம் தொடங்கினார்கள். ஆண்கள் கால்பந்தை நடத்திவந்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கீழே அது இல்லை, தனியாகத்தான் இயங்கியது. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முதல் கோச்சாக இருந்த சுசில் பட்டாச்சார்யாதான் பெண்கள் தேசிய அணிக்கும் முதல் கோச். அந்தக் காலத்தில் கொல்கத்தாவில் ஆண்கள் கால்பந்துக்கு இருந்த மவுசு உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பேர் எடுத்தவர் பெண்களுக்குக் கற்றுத்தர வந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அடுத்த ஐந்து வருடத்திலேயே ஆசியக் கோப்பை நம் நாட்டுக்கு வந்துவிட்டது. 1979-க்கான போட்டி, நடந்தது 1980 ஜனவரியில், கோழிக்கோட்டில். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடுகிற ஊர்தான். இந்தியா சார்பில் இரண்டு அணிகள் ஆடின, அதில் ஒன்று இறுதிப் போட்டிக்குப் போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1981-இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில், முதலிலேயே சொன்னேனே, மறுபடியும் இரண்டாம் இடம். அதே 1983-இல் வங்காளத்தைச் சேர்ந்த சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் கால்பந்து வீராங்கனை அவர்தான். அடுத்த பெண்ணுக்கு அது கிடைக்க 2017 ஆகிவிட்டது, 34 வருடம்.

அந்த 1981 ஹாங்காங் போட்டியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜப்பான் பெண்கள் அணி அதிகாரபூர்வமான தேசிய அணியாக முதன்முதலில் ஆடியது அந்தப் போட்டியில்தான். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள், குழு ஆட்டங்களோடு ஊர் திரும்பினார்கள். நாம் மூன்றாவதாக வந்தோம். சீனாவோ அப்போது களத்திலேயே இல்லை, அவர்களுடைய பெண்கள் அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியதே 1986-இல்தான். சரி, அப்புறம்? ஜப்பான் 1989-இல் பெண்களுக்கு ஒரு தேசிய லீக் தொடங்கியது. சீனா 1991-இல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையையே நடத்தியது. 2011-இல் ஜப்பான் உலக சாம்பியன். ஹாங்காங்கில் அப்படித் தோற்ற அணி முப்பது வருடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது.

நாம்? 1986, 1989, 1991, 1993 என்று நான்கு ஆசியக் கோப்பைகளுக்கு நாம் போகவே இல்லை. 1986-லும் 1989-லும் நேபாளம்கூடப் போய் ஆடியது. 1991-இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த ஆசிய அணிகள் நேராக உலகக் கோப்பைக்குப் போயின. எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டாவதாக இருந்த நாம் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில்தான் அகில இந்தியச் சம்மேளனம் பெண்கள் கால்பந்தைத் தன் கீழே கொண்டுவந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் ஆடுகிற வயதைத் தாண்டி, கல்யாணமாகி, வேலைக்குப் போய், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் வருகிற இடம் இது. ஜப்பான்காரப் பெண்களுக்கு நம் பெண்களைவிடக் காலில் ஒன்றும் கூடுதலாக இல்லை. அவர்களுக்கு வாராவாரம் ஆட ஆட்டம் இருந்தது.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனாவிடம் 16-0 என்று தோற்றோம். பதினாறு. அதற்கு அடுத்த வருடம் அதே சீனா உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அமெரிக்காவோடு ஆடி, பெனால்டி ஷூட் அவுட்டில்தான் தோற்றது. அந்த ஸ்கோரை யாராவது எடுத்துச் சொல்லி நம் பெண்களுக்குக் கால்பந்து வராது என்று பேசினால், அந்தப் பெண்களுக்கு அதற்கு முந்தைய பத்து வருடத்தில் எத்தனை சர்வதேச ஆட்டம் கொடுத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2009-இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவை எடுத்துவிட்டார்கள். தோற்றதற்காக இல்லை, 18 மாதத்துக்கு மேல் ஒரு ஆட்டம்கூட ஆடாததற்காக.

இதற்கு நடுவிலும் ஆடிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. இம்பாலைச் சேர்ந்த ஒய்னம் பெம்பெம் தேவி 1995-இல், 15 வயதில் தேசிய அணிக்குள் வந்தார். 2016-இல் ஷில்லாங் தெற்காசிய விளையாட்டில் தங்கம் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். இருபது வருடத்துக்கு மேல்! நான் சொன்ன அந்த 2017 அர்ஜுனா விருது இவருக்குத்தான், 2020-இல் பத்மஸ்ரீ. மணிப்பூரைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். தேசிய சாம்பியன்ஷிப்பை இருபது தடவைக்கு மேல் ஜெயித்த மாநிலம் அது. 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமான பாலா தேவியும் மணிப்பூர்தான், 2024-இல் இந்தியாவுக்காக 100 ஆட்டம் முடித்த முதல் பெண்ணான ஆஷாலதா தேவியும் மணிப்பூர்தான். இந்திய அணி காய்ந்துபோகாமல் இருந்ததற்கு அந்த ஒரு மாநிலத்துக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

2010-இல் தெற்காசிய சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து 2019 வரை ஐந்து தடவையும் நாம்தான் ஜெயித்தோம். நல்ல விஷயம்தான், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பக்கத்து நாடுகளை ஜெயிப்பதோடு திருப்திப்பட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் வங்கதேசம் சின்னப் பெண்களை வைத்து அணியை வளர்த்தது. 2022-லும் 2024-லும் கோப்பை அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

2021 நவம்பரில் மனாஸ் நகரத்தில் பிரேசிலோடு ஒரு ஆட்டம். ஏழு உலகக் கோப்பை ஆடிய ஃபார்மிகா விடைபெறுகிற தொடர் அது. 6-1 என்று தோற்றோம். ஆனால் அந்த ஒரு கோல், பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் எட்டாவது நிமிடத்தில் பிரேசில் வலைக்குள் அடித்தது. முடிந்தால் தேடிப் பாருங்கள். நான் என் பிள்ளைகளுக்குப் போனில் எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அடுத்த வருடமே மனிஷா ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினார், அங்கே ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

பிறகு 2022 ஜனவரி. ஆசியக் கோப்பை மறுபடி இந்தியாவில். ஈரானோடு முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது தைவானோடு. கோழிக்கோட்டில் நம்மை ஜெயித்த அதே தைவான். அன்றைக்கு அணிக்குள் கொரோனா பரவி, பட்டியலில் போட 13 பேர்கூடத் தேறவில்லை. ஆட்டம் நடக்கவில்லை, இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாகிவிட்டது. சொந்த நாட்டில், ஒரே ஒரு ஆட்டத்தோடு. அதே வருடம் ஆகஸ்டில் சம்மேளனத்து நிர்வாகச் சிக்கலால் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசியக் கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா பெண்கள், ஆடாமலேயே திரும்பி வந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். பெண்களுக்கான இந்திய லீக் தொடங்கியதே 2017-இல்தான், ஜப்பானுக்கு 28 வருடம் கழித்து. அதில் 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. சாம்பியன். அதற்கு முந்தைய வருடம், 2018-இல், கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று ஜெயித்தது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2-1. இந்திய அணியின் மிட்ஃபீல்டில் ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் கடலூர்ப் பிள்ளை. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், 2020 ஊரடங்கில் சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தவர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கும் பலாப்பழத்துக்கும் பேர்போன ஊரிலிருந்து இந்தியாவுக்கு ஒரு ஃபார்வர்டு போயிருக்கிறார் என்று சொல்லும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது அந்த இரண்டாவது ஆட்டம். 2025-இல் தகுதிச் சுற்றுக் குழுவில் மங்கோலியாவை 13-0, திமோரை 4-0, ஈராக்கை 5-0 என்று ஜெயித்து வந்திருந்தோம். தாய்லாந்தும் மூன்றிலும் ஜெயித்திருந்தது. இரண்டு அணியும் தலா சரியாக 22 கோல் போட்டிருந்தன, வாங்கியது ஒன்றுமில்லை. முதலிடத்துக்கு மட்டும்தான் டிக்கெட். தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி, ஆட்டமோ அவர்கள் ஊரில். மேற்கு வங்கம் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த சூட்டோடு தாய்லாந்து சமன் செய்துவிட்டது. 74-ஆவது நிமிடத்தில் மறுபடி சங்கீதா. அதற்கப்புறம் இருந்த பதினைந்து நிமிடத்தை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை, வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். விசில் ஊதியதும் இந்தியா 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்று ஆடி, ஜெயித்து உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலையில் மைதானத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன், சாந்தி மல்லிக்கிலிருந்து சங்கீதா வரைக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "நமக்கு அடுத்த மேட்ச் எப்ப மிஸ்?" என்று கேட்டாள். இந்தியாவுக்கு என்று நினைத்துப் பதில் சொல்லப்போனேன். அவள் கேட்டது எங்கள் பள்ளி அணியை.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் ஒரு பள்ளி அணிக்கு அந்த வருடத்துக்கு ஆட்டம் அவ்வளவுதான். வருடம் முழுக்க பிராக்டிஸ் செய்துவிட்டு ஒரே ஒரு ஆட்டம். முந்தைய வருடம் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. 1983-க்கு அப்புறம் இந்தியாவுக்கு நடந்ததை நான் ஆத்திரத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவே என் மைதானத்திலும் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மதியமே பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிற பி.டி. டீச்சர்கள் நான்கு பேருக்குப் போன் செய்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு ஆட்டம் நடக்கிறது, ஒரு வாரம் எங்கள் மைதானம், மறு வாரம் அவர்கள் மைதானம். கோல் போஸ்ட்டுக்கு வலை இல்லை, ரெஃபரி நாங்களே. ஆறு மணிக்குள் ஆட்டத்தை முடித்து விசில் ஊதிவிடுவோம், பிள்ளைகளை பஸ் ஏற்றி விட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். கேட்டுக்கொண்டிருக்கிற அம்மா அப்பா யாராவது, பிள்ளை சனிக்கிழமை மைதானத்துக்குப் போகணும் என்று கேட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இந்த வாரம் ஒரு தடவை கூடவே வந்து நின்று பாருங்கள். வணக்கம்.