பொன்னில் பதித்த ஒன்றும் இரண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை ஜோடித் துப்பாக்கிகள். ஒரே பட்டறையில், ஒரே ஆளுக்காக, எடை, நீளம், வால்நட் மரத்தின் ரேகை எல்லாம் ஒத்துப்போகும்படி செய்த இரண்டு இரட்டைக் குழல் துப்பாக்கிகள். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒருவருக்கு எதற்கு இரண்டு? விக்டோரியா ராணி காலத்தில் பெரிய பண்ணைகளில் வேட்டையின் முறையே மாறியது. ஆட்கள் புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடுவார்கள். துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக ஓரிடத்தில் நிற்பார்கள். இரண்டு தோட்டாவும் போனதும் காலித் துப்பாக்கியைப் பின்னால் நிற்கும் ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் தயாராக வைத்திருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது கைக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. அதனால்தான் ஜோடி. எது முதலாவது, எது இரண்டாவது என்று தெரிவதற்காக, குழலைத் திறக்கும் நெம்புகோலின் மேலும் குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையிலும் 1, 2 என்று பொன்னில் பதித்திருப்பார்கள்.

இந்த வேட்டையில் பெயர் வாங்கியவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. பஞ்சாபின் கடைசி சீக்கிய மகாராஜா துலீப் சிங். 1849-இல் சிறுவனாக இருந்தபோதே அரசைப் பறிகொடுத்தவர். 1863-இல் சஃபோக் பகுதியிலுள்ள எல்வெடன் பண்ணை அவர் கைக்கு வந்தது. அங்கே ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்ட கவுதாரிகளைச் சுட்டார் என்று சொல்வார்கள். லண்டனின் பர்டி துப்பாக்கிப் பட்டறையின் வாடிக்கையாளர் அவர். 1893-இல் பாரிஸில் இறந்துபோனார். மறு வருடமே எல்வெடன் கின்னஸ் மதுபானக் குடும்பத்திடம் போனது. பண்ணைகளே இப்படிக் கைமாறும்போது, அலமாரியில் இருக்கும் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, யார் யாரிடம் இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பெட்டியைப் பாருங்கள். மூடியின் உட்புறம் பட்டறையின் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். பர்டியின் சீட்டில் 314½, ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்று இருந்தால் அது 1880-களின் தொடக்கத்துக்கு முந்தையது. அப்புறம் அவர்கள் சவுத் ஆட்லி தெருவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் சீட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெட்டியும் மாறும், சீட்டும் மாறும்.

அடுத்து துப்பாக்கியைக் கவிழ்த்துப் பாருங்கள். மரக்கட்டையின் அடிப்பக்கம் விரல் நகம் அளவில் முட்டை வடிவத் தகடு ஒன்று இருக்கும். சொந்தக்காரரின் முதலெழுத்தோ குலச்சின்னமோ அதில் செதுக்கியிருக்கும். புதிதாக வாங்கியவர் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுத் தன் எழுத்தைச் செதுக்கிக்கொள்வதும் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் லேசாகக் குழிந்திருப்பது தெரியும். ஒரு மனிதரின் சுவடை இப்படி அழிப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. கட்டையின் பின்முனையில் வேறு மரத்துண்டு ஒட்டியிருந்தால், பின்னால் வந்தவர் கை நீளமானவர் என்று அர்த்தம்.

வெடியின் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதித்துவிட்டுக் குழலின் அடியில் குத்தும் சோதனை முத்திரைகளும் பேசும். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் அதற்கென்றே சோதனைச் சாலைகள் உண்டு. பழைய கருமருந்துக் காலத்தில் செய்த குழலில், பின்னால் வந்த புகையில்லா வெடிமருந்துக்கான முத்திரையும் இருந்தால், பிற்காலத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதை மறுபடி சோதனைக்கு அனுப்பிப் பயன்படுத்தியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல் பட்டறையின் பேரேடு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே முதலில் வாங்கியவரின் பெயர், குழல் நீளம், கட்டையின் அளவு எல்லாம் எழுதியிருக்கும். ஜோடி என்றால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாக இருக்கும். சிலர் முதலில் ஒன்றை வாங்கி, சில வருடம் கழித்து அதற்கு இணையாக இரண்டாவதைச் செய்யச் சொன்னதும் உண்டு. அப்போது எண்கள் தள்ளித்தான் இருக்கும்; அது குறையல்ல.

ஜோடிகள் பிரிந்ததற்குப் பல காரணங்கள். பயிர் விலை வீழ்ந்து பண்ணை வருமானம் சரிந்தது. 1894-இல் இறந்தவர் சொத்துக்குப் புதிய வரி வந்தது. முதல் உலகப் போரில் வாரிசுகள் மாண்டார்கள். சில வீடுகளில் மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று பாகம் பிரித்தார்கள். தனியாகப் போன துப்பாக்கி நன்றாகத்தான் சுடும்; ஆனாலும் 2 என்று பொன்னில் எழுதிய துப்பாக்கி தனியே ஏலத்துக்கு வருவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. இரண்டையும் தனித்தனியாக விற்றால் ஜோடிக்குக் கிடைக்கும் விலையும் கிடைக்காது.

பிரிந்தவை சேர்வதும் உண்டு. கையில் ஒன்றை வைத்திருப்பவர் மற்றதன் எண்ணைப் பேரேட்டிலிருந்து கேட்டு வாங்கி, ஏலப் பட்டியல்களில் தேடுகிறார். பழைய பட்டறைகள் பலவற்றின் பேரேடுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் கட்டணம் வாங்கிக்கொண்டு விவரத்தை எழுதித் தருகிறார்கள். யாரிடமாவது அப்படி ஒரு ஜோடி இருந்தால், அந்தக் கடிதத்தை வாங்கி, ரசீதுகளோடு சேர்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.