பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே, எதற்குப் பிரிக்க வேண்டும்?

அடுத்த கேள்வியைக் காரிமங்கலத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். "மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்துப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனால் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நாங்கள் மட்டும் எதற்குச் சிரமப்பட வேண்டும்?" இதுதான் கேள்வி.

அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. ஒன்றாகக் கொட்டுவது பல ஊர்களில் நடக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டியால் கெடுக்க முடியாதபடி ஒரு வேலையை நீங்கள் வீட்டிலேயே முடித்துவிடலாம். ஈரமான குப்பையை வாசலைத் தாண்ட விடாதீர்கள். நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஏன் என்றால், மறுசுழற்சியைக் கெடுப்பதே அந்த ஈரம்தான். பேப்பரை ஆலையில் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் மறுபடி பேப்பர் செய்கிறார்கள். அதில் குழம்பும் எண்ணெயும் ஊறியிருந்தால் நார் கெட்டுவிடும், அந்தப் பேப்பர்க் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் கவரும் அப்படித்தான். கடைக்காரர் அதைக் கையால்தான் பிரிக்கிறார். மீன் கழுவிய தண்ணீர் வழிகிற கவரை அவர் ஏன் எடுக்கப் போகிறார்? திருப்பிக் கொடுத்ததில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கும். வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவுதான். அது வீட்டிலேயே நின்றுவிட்டால் மீதி எல்லாம் காய்ந்த சரக்கு. வண்டியில் ஒன்றாகக் கொட்டினாலும் உங்கள் பங்கால் நாற்றம் கூடாது, பிறகு குப்பைக் கிடங்கில் பிரிக்கிறவருக்கும் அந்த அளவுக்கு ஈரம் குறையும்.

நம் பக்கம் மாடும் ஆடும் இல்லாத தெரு குறைவு. காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், அரிசி கழுவிய கழனித் தண்ணீர் எல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்கே போகலாம். ஒன்றே ஒன்று, கவரில் கட்டி வைக்காதீர்கள். மாடு கவரையும் சேர்த்துத் தின்றுவிடும், அது வயிற்றிலேயே தங்கிவிடும். ஒரு பழைய வாளியில் கொட்டி வையுங்கள், போதும்.

மாடு இல்லையென்றால் உரம். பழைய டிரம்மோ உடைந்த மண்தொட்டியோ எடுத்து, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். ஒரு பங்கு ஈரக்குப்பை போட்டால் அதன்மேல் இரண்டு பங்கு காய்ந்தது போடுங்கள். சருகு, நறுக்கிய ராகித் தாள், தேங்காய் நார், எது கிடைக்கிறதோ அது. இந்தக் காய்ந்த பங்கை விட்டுவிடுவதால்தான் முக்கால்வாசிப் பேர் ஒரே வாரத்தில் "நாறுகிறது, புழு வைத்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகு போட்டு ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள், அடங்கிவிடும். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் சீக்கிரம் மக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நேர்மாறாகக் காய்ந்துபோகும், அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். எலும்பு, மீன் முள் போடாதீர்கள், எலியும் நாயும் வரும். மாம்பழ சீசனில் தோலைத் தாராளமாகப் போடலாம். கொட்டை மட்டும் லேசில் மக்காது, அதைத் தனியாக வெயிலில் காயவைத்து விறகு அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காய்ந்த குப்பைக்கு வருவோம். கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது அவர் பிடிவாதத்தால் இல்லை. அவர் எடை போட்டு வாங்குகிறார், எடை போட்டு விற்கிறார். மேலே வாங்க ஆள் இல்லாததை அவர் எடுத்து என்ன செய்வார்? தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம் இவற்றுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. பால் கவரும் நல்ல பிளாஸ்டிக்தான். கழுவி, துணிக்கொடியில் காயவைத்துச் சேர்த்தால் பல கடைகளில் வாங்குவார்கள். வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டித்துவிடாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டு தனியாகப் போனால் யார் கையிலும் சிக்காது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

சிப்ஸ் கவரைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதற்குக் கடையில் விலை இல்லை. உள்ளே வெள்ளியாகப் பளபளப்பது அலுமினியப் பூச்சு. அதோடு இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக் ஏடுகளை ஒட்டியிருக்கிறார்கள், அவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. டீக்கடைப் பேப்பர் கப்பிலும் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. தெர்மாகோல் முழுக்கக் காற்று, லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லியில் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தார். அதற்காக 2018-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். அருமையான வேலை. ஆனால் அதற்கும் ஒரு ஊரே காய்ந்த கவரைப் பிரித்துச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் ஒரு வீட்டால் செய்ய முடிவது, இவற்றை வாங்குவதைக் குறைப்பது மட்டும்தான்.

அது அவ்வளவு கஷ்டமும் இல்லை. கறிக்கடைக்கு எவர்சில்வர் தூக்கு. வாரச்சந்தைக்கு மஞ்சப்பை. முறுக்கும் நிப்பட்டும் உள்ளூர்க் கடையில் டப்பா கொடுத்து வாங்கலாம். ஷாம்பு சாஷே மலிவாக இருக்கிறதே என்பீர்கள், பல நேரம் மலிவுதான். ஆனால் பாட்டிலைப் பழைய சாமான் கடையில் போடலாம், சாஷேயைப் போட முடியாது. மொத்தமாக வாங்கக் காசு இருக்கிற மாதத்தில் பாட்டில் வாங்குங்கள், இல்லாத மாதத்தில் சாஷே வாங்கினால் யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கேரி பேக்கும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தடையில் இருக்கின்றன. கடைக்காரர் நீட்டினால் "வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீடு. கொளுத்துவதில் நிம்மதி எதுவும் இல்லை அக்கா. பிவிசி மாதிரிப் பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் கொளுத்தினால் டயாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது புல்லில் படிகிறது, மாடு மேய்கிறது, பாலின் கொழுப்பில் ஏறுகிறது. அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். தெருவிலும் பொது இடத்திலும் குப்பையைக் கொளுத்தக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. ஆனாலும் முதலில் சட்டம் பேசிச் சண்டைக்குப் போக வேண்டாம். கடைக்குப் போகும்போது "உங்கள் வீட்டுப் பால் கவரையும் கொடுங்கள், சேர்த்துப் போட்டுவிட்டு வருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் கொண்டுபோக ஆள் இல்லாமல்தான் கொளுத்துகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நாப்கின், குழந்தை டயப்பர், ஊசி, உடைந்த டியூப்லைட் இவற்றை எந்த வாளியிலும் போடாதீர்கள். பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி போட்டு, தூய்மைக் காவலர் வரும்போது இன்னது இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள். எல்இடி அல்லாத பழைய வகை டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. கண்ணாடியும் ஊசியும் குத்துவது அவர் கையில்தான், பல பேருக்குக் கையுறை கூடக் கிடைப்பதில்லை.