மின்தடையை அளந்து பாருங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஆய்வகத்துக்கு வெள்ளையடித்துத் தந்த முன்னாள் மாணவர்களே, வாசலில் அணிவகுத்து வரவேற்ற சாரணர் படையே, அன்பு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மின்தடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கரண்ட் போவதைச் சொல்லவில்லை, மின்னோட்டத்தை ஒரு கம்பி எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்கிறேன். தடையை மாற்றும் நீளம், வெப்பநிலை இரண்டையும் சொல்கிறேன். கம்பியின் நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்கு. இது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, செல்வங்களே!

இந்த உண்மையை உலகுக்குச் சொன்ன ஜார்ஜ் சைமன் ஓம் யார்? ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரத்துப் பள்ளியில் வாத்தியார். 1826இல் சோதனை செய்கிறார். பேட்டரியின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை. விட்டாரா மனிதர்? பிஸ்மத் என்ற உலோகத்தையும் செம்பையும் இரண்டு இடத்தில் இணைத்தார். ஒரு சந்தியைக் கொதிநீரில் வைத்தார், மறு சந்தியைப் பனிக்கட்டியில் வைத்தார். நிலையான மின்னழுத்தம் கிடைத்துவிட்டது! பிறகு ஒரே தடிமனுள்ள செம்புக் கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஒவ்வொன்றாக மாட்டினார். மின்னோட்டத்தால், மேலே தொங்கிய காந்த ஊசி விலகியது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, அது தொங்கும் இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்று பொறுமையாகக் குறித்தார். 1827இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் மதிப்பில்லை, வேலையையும் விட்டார். 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் காப்ளி பதக்கம் தந்தது. கைதட்டுங்கள், அவர் ஒரு பள்ளி ஆசிரியர்!

இப்போது நீங்கள் செய்யுங்கள். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் தடை 529 ஓம் வரும். தடையை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான்! அந்தப் பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறியபின், தடையை அளக்கும் மல்டிமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டும். கணக்கும் தப்பில்லை, கருவியும் தப்பில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழையின் சூடு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடேற ஏற உள்ளிருக்கும் அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன, எலக்ட்ரான்கள் அதிகமாக இடறுகின்றன, தடை ஏறுகிறது. அளந்து பார்த்த பிள்ளைக்குத்தான் ‘ஏன்’ என்ற கேள்வி பிறக்கும். மறுபடியும் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைப் பார்த்து மனம் நொந்து சொல்கிறேன். தலைவர் அவர்களே, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் தடை மிகுந்த நிக்ரோம் கம்பி, டார்ச் செல்கள் வாங்கிக் கொடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும். தலைமையாசிரியர் அவர்களே, தேர்வு நெருங்குகிறது என்று செய்முறை வகுப்பை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வாரமே கதவைத் திறந்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.